இரவில் அந்தச் சாலை நமக்குரியதன்று



நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள். மைசூர் அரண்மனையில் விளக்கேற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். பெரியவர்களுக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். 7 மணிக்கு விளக்குகள் எரிந்தன, 7.15க்கு நாங்கள் பதினான்கு பேரும் வேனில் ஏறிவிட்டோம். 9 மணிக்குப் பந்திப்பூர் வாயிலை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் காலை 6 மணி வரை திறக்க மாட்டார்கள். குண்டல்பேட்டையில் பதினான்கு பேருக்கு அறை தேட வேண்டும். "பிடிச்சிடலாம் தம்பி, கொஞ்சம் மிதிங்க" என்று ஓட்டுநரை விரட்டியது நாங்கள்தாம். அவர் இரண்டு முறை தயங்கினார் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

8.50க்கு வாயிலைக் கடந்தபோது வேனுக்குள் எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. புள்ளிமான் ஒன்று இடப்பக்கமிருந்து பாய்ந்து வலப்பக்கம் மறைந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். மான் போய்விட்டது என்று கண்டதும் மீண்டும் அழுத்தினார். மான் தனியாக வருவதில்லை என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது மான் விளக்கொளிக்கு நேரே வந்து அப்படியே நின்றுவிட்டது.

வண்டி நின்றது. பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப்போன நிலையில் அது முன்னங்கால்களால் தார்ச்சாலையைக் கீறிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று ஓட்டுநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேனுக்குள் ஒரு விவாதம் தொடங்கியது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால் ஹலால்தானே என்றார் ஒரு மச்சான். அடிபட்டதை அறுப்பதற்குச் சட்டம் வேறு என்றார் ஒரு மாமு. வனத்துறை பிடித்தால் ஜாமீன்கூடக் கிடைக்காது என்றார் இன்னொருவர். அந்த உயிர் துடிப்பதற்குக் காரணம் யார் என்ற கேள்வி மட்டும் விவாதத்துக்குள் வரவேயில்லை. எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்திதான் கேட்டாள்: "நாம ஏன் அவ்வளவு வேகமா வந்தோம்?"

"அல்லாஹ் நாடினது, கண்ணு" என்றார் நன்னிமா. விஷயம் அத்தோடு முடிந்தது. அடுத்த சோதனைச் சாவடியில் நிறுத்தி, இன்ன இடத்தில் ஒரு மான் அடிபட்டுக் கிடக்கிறது என்று சொல்லக்கூட எங்களுக்குத் துணிவில்லை. பெயரைக் கேட்பார்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள் என்ற பயம். கூடலூரில் தேநீர் குடித்தோம்.

இதை எழுத இவ்வளவு காலம் பிடித்தது. எங்கள் வீட்டின் குறையை ஊரறியச் சொல்வதில் மகிழ்ச்சி ஏதுமில்லை. ஆனால் ஒவ்வொரு பெருநாளுக்குப் பின்னரும் நம் மஹல்லாக்களிலிருந்து எத்தனை வேன்கள் ஊட்டிக்கும் மைசூருக்கும் கிளம்புகின்றன என்பதைப் பார்க்கிறோம். அந்த வேன்களில் நடக்கும் பேச்சும் நமக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த "அல்லாஹ் நாடினது" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசியவருக்குக் கிடைத்த பதிலையும் நாம் மதரஸாவில் படித்துத்தான் வந்தோம். வேகமானியின் முள்ளை 80-இல் வைத்தது விதியா, நம் கால் கட்டைவிரலா? நேரத்தோடு கிளம்பாததற்கும், ஓட்டுநரை விரட்டியதற்கும், எச்சரிக்கைப் பலகைகளைப் படித்தும் படிக்காததுபோல் போனதற்கும் விதியைச் சாட்சிக்கு அழைப்பது தவக்குல் ஆகாது. அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அதுவும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தட்டிக்கழிப்பது.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் நகர்கிறது. கண் ஒன்றைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிவிடும். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்க, நல்ல சாலையில், நல்ல டயரில், இன்னும் 35 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக 70 மீட்டர். எதிரே வண்டி வருகிறதே என்று விளக்கைத் தாழ்த்தினால் நமக்குத் தெளிவாகத் தெரிவது 40, 50 மீட்டர்தான். அதாவது, பார்த்த பிறகு நிறுத்தவே முடியாத வேகத்தில் நாம் போகிறோம். 40 கி.மீ. வேகத்தில் போனால் இதே கணக்கு 26 மீட்டரில் முடிந்துவிடுகிறது. பாதி வேகத்துக்குப் பாதித் தூரம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. அந்த மானுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தது இந்தக் கணக்கு மட்டுமே.

மான் ஏன் நின்றது? அறிவில்லாமல் நின்றதாக வேனில் ஒருவர் சொன்னார். இருளில் பார்ப்பதற்கென்றே அதன் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலத்தை இறைவன் வைத்திருக்கிறான். நம் விளக்குப் பட்டதும் அக்கண்கள் பச்சையாய் மின்னுவது அதனால்தான். மங்கலான நிலவொளிக்கென அமைந்த கண்ணில் நாம் முழு விளக்கைப் பாய்ச்சினால் அதற்கு எதுவுமே தெரியாது. எங்கே ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறது. சாலையோரம் அது ஏன் வந்தது என்பதற்கும் விடை நம்மிடமே உண்டு. பார்வை மறைக்காமல் இருக்கச் சாலையின் இருபுறமும் புதரை வெட்டி வைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் இளம்புல் முளைக்கிறது. அதை மேய மான் வருகிறது. சாலையை அமைத்ததும் நாம். புல்லுக்கு இடம் செய்ததும் நாம். அறிவில்லாதது மட்டும் மானாம்!

யானையின் கதை வேறு. அதன் கருமையான தோல் விளக்கொளியைத் திருப்பித் தருவதில்லை. அதன் கண்கள் நம் விளக்கின் உயரத்துக்கு மேலே இருப்பதால் மின்னுவதும் இல்லை. சாலையோர மரம் என்று நினைத்துக்கொண்டே அதனருகில் போய்விடுவோம். மரம் அசைந்த பிறகுதான் கால்கள் என்று புரியும். காட்டெருமையும் அப்படித்தான், முழு வளர்ச்சியடைந்த ஒரு கடா ஏறக்குறைய 1,000 கிலோ எடை வரக்கூடும். அதில் மோதும் மோட்டார் சைக்கிள்காரருக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து வண்டி கவிழ்ந்து இறந்தவர்களின் செய்திகளை நாளிதழில் படிக்காத மாதம் உண்டா? ஆகவே இது விலங்குகளுக்காக மட்டும் இரங்கி எழுதுவது என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அடிபடுவது அவையும் நாமும்தான்.

இப்போது நேரத்துக்கு வருவோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரமும், ஃபஜ்ருக்கு முந்தைய நேரமும் காட்டு உயிர்கள் அதிகம் நடமாடும் நேரங்கள். நம் வேன்களோ அந்த நேரத்தில்தான் வாயிலைப் பிடிக்க ஓடுகின்றன. அல்லது விடியலில் வாயில் திறந்தவுடன் முதல் வண்டியாய்ப் பாய்கின்றன. மாதமும் அப்படியே அமைந்திருக்கிறது. சில ஆண்டுகளாக நோன்புப் பெருநாள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருகிறது. காடு காய்ந்து கிடக்கும் காலம் அது. வளர்ந்த யானை ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். குட்டைகள் வற்றியதும் கூட்டம் கூட்டமாக மோயாற்றையும் பவானிசாகர் அணையின் பின்நீர்ப் பகுதியையும் நோக்கி அவை இறங்குகின்றன. சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகச் சாமராஜநகர் போகும் நெடுஞ்சாலை அந்தக் காட்டை இரண்டாய்ப் பிளந்துகொண்டு கிடக்கிறது. "யானை சாலையைக் கடக்கிறது" என்று பலகை வைத்திருக்கிறார்கள். யானை நடந்த தடத்தை நம் சாலை கடக்கிறது என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

இங்கே நம் மார்க்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பயண ஒழுக்கங்களைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. இரவில் இளைப்பாறத் தங்குவோர் பாதையை விட்டு விலகித் தங்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்: இரவில் பாதை விலங்குகள் நடமாடும் வழியாகவும் ஊர்வன ஒதுங்கும் இடமாகவும் இருக்கிறது. தார்ச்சாலையும் மோட்டார் வண்டியும் இல்லாத காலத்தில் சொல்லப்பட்டது இது. இன்றும் எந்தக் காட்டிலாகவினும் இரவில் போய்ப் பாருங்கள்: பகலின் சூடு இறங்காத தார்மேல் பாம்பு வந்து படுத்திருக்கும், பக்கிப் பறவை நடுச்சாலையில் அமர்ந்திருக்கும், சிறுத்தை புதரைத் தவிர்த்துச் சாலையிலேயே நடக்கும். இரவுப் பாதையில் அவற்றுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நமக்குச் சொன்னவர் நாம் உயிரினும் மேலாக நேசிக்கும் நபி (ஸல்) அவர்கள். அதே கருத்தை ஒரு மாவட்ட ஆட்சியர் உத்தரவாகப் போட்டால் நமக்கு ஏன் கசக்கிறது?

கசக்கத்தான் செய்கிறது. 2009-இல் பந்திப்பூர் வழிச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்தி உத்தரவு வந்தது. 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் மட்டும் வழிவிட்டார்கள். திம்பம் சாலைக்கு ஈரோடு ஆட்சியர் 2019-லேயே உத்தரவு போட்டும் அது காகிதத்தில் கிடந்தது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே தடை நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் புலம்பலுக்கு அளவில்லை. "மனுசனைவிட மிருகம் பெருசாப் போச்சா?" என்பது அதில் அடிக்கடி வரும் வசனம்.

நியாயமான குறை யாருடையது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாளவாடி மலைப்பகுதி விவசாயி தக்காளியையும் முட்டைக்கோசையும் அறுத்து, விடிவதற்குள் கீழே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியவர். இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைச் சத்தியமங்கலம் மருத்துவமனைக்கு இறக்க வேண்டியவர். அவர்கள் கடையடைத்துப் போராடியதில் நியாயம் இருந்தது. அதனால்தான் உள்ளூர் மக்களின் வண்டிகளுக்குப் பின்னர் தளர்வு கிடைத்தது. அந்தச் சலுகையை இன்னும் எளிதாக்க வேண்டும் என்று கேட்டால் நாமும் சேர்ந்து கேட்போம். ஆனால் அந்த விவசாயியின் பின்னால் ஒளிந்துகொண்டு நாம் கேட்பது என்ன? அரண்மனை விளக்கைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீட்டில் படுக்க வேண்டும் என்று கேட்கிறோம். லாரி ஒரு சுற்றுக் குறைந்தால் லாபம் குறையும் என்று கேட்கிறோம். இவற்றையும் பிரசவ வலியையும் ஒரே தராசில் வைப்பதற்கு வியாபாரிகளான நமக்கே கூச்சமாக இருக்க வேண்டும். எடையில் மோசம் செய்யாதவர்கள் என்று பெயர் எடுத்த சமுதாயம் நாம்.

இரவுத் தடையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. எங்கள் வேன் அடித்தது 9 மணிக்கு முன்னால். வாயில் மூடும் நேரத்தைப் பிடிக்க ஓடும் ஓட்டமே தனி ஆபத்தாகிவிட்டது. சட்டம் 9 மணிக்கு மூடு என்றால், நாம் 8.59 வரை பறக்கலாம் என்று புரிந்துகொள்கிறோம். இந்தப் புத்தி நமக்குப் பழக்கமானதுதான். தொழுகை நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஓடிவந்து தக்பீர் கட்டுபவர்கள், காட்டு வாயிலுக்கு மட்டும் முன்கூட்டியே போய்விடுவார்களா என்ன!

அடுத்தது, நாம் நன்மை என்று நினைத்துச் செய்யும் தீமை. சொன்னால் பலருக்கு வருத்தம் வரும், வரட்டும்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாகத்தான் ஏறும். குரங்குகள் சுவரில் வரிசையாய் அமர்ந்திருக்கும். வேன் சன்னலிலிருந்து பிஸ்கட் பறக்கும், வாழைப்பழம் பறக்கும். மேலே ஓரிடத்தில் நிறுத்திப் பிரியாணி சட்டியைத் திறப்போம். சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோற்றையும் எலும்பையும் இலையோடு சாலையோரம் வைத்துவிட்டு, "வாயில்லா ஜீவன் தின்னட்டும், ஸதக்கா" என்று சொல்லிக் கிளம்புவோம். தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த வரலாற்றை இதற்கு ஆதாரமாகவும் காட்டுவோம்.

அந்த நாய் தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு வழியில்லை. திம்பத்துக் குரங்குக்குக் காடு முழுக்க உணவிருக்கிறது. நாம் எறிவதால் அது காட்டை விட்டுச் சாலைக்கு வருகிறது. தாயின் வயிற்றில் தொங்கும் குட்டி, சாலையே சோறு போடும் இடம் என்று கற்று வளர்கிறது. பிறகு ஒரு நாள் பின்னால் வரும் லாரியின் சக்கரத்தில் சிக்குகிறது. அப்போது நாம் மைசூரில் இருப்போம். எலும்பு வாசனைக்கு நரியும் பன்றியும் வரும். அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். பிளாஸ்டிக் பையில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருப்பதால் மான் அதைப் பையோடு விழுங்கும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அதே பிள்ளைகளின் கண்ணெதிரே பாதையில் இடையூறை வைத்துவிட்டு அதற்கு ஸதக்கா என்று பெயர் சூட்டுகிறோம்.

கரும்பின் கதை இதைவிடப் பெரியது. தாளவாடியிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சத்தியமங்கலத்துப் பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் லாரிகள் இந்தச் சாலையில்தான் வருகின்றன. உயரம் மிஞ்சிய கரும்பைச் சில ஓட்டுநர்கள் சாலையோரம் தள்ளிவிட்டார்கள். சிலர் யானைக்கென்றே வீசினார்கள். யானை மறக்காத பிராணி. இன்று காரப்பள்ளம், ஆசனூர்ப் பக்கம் யானைகள் குட்டியோடு சாலையில் நின்று லாரிகளை நிறுத்திக் கரும்பை உருவுகின்றன. அந்தக் காணொளியைப் பார்த்து "சுங்கச்சாவடி யானை" என்று சிரித்து, நூறு பேருக்கு அனுப்பியவர்கள் நாம். கரும்பு இல்லாத வண்டியையும் அது ஒரு நாள் நிறுத்தும். அன்று அந்த வண்டியில் இருப்பது ஒரு குடும்பமாக இருக்கும் என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

படம் எடுக்கும் மோகத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2025-இல் பந்திப்பூர் சாலையில் யானைக்கு அருகே போய்ப் படம் எடுக்க முயன்றவரை அது துரத்தி மிதித்தது. உயிர் பிழைத்தவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதே குற்றம், இறங்குவது மடமை. யானை எதிரே நின்றால் தொலைவிலேயே நிறுத்திவிட வேண்டும். ஒலிப்பானை அடிக்கக் கூடாது. விளக்கைத் தாழ்த்தி, கண்ணாடியை ஏற்றி, பிள்ளைகளின் வாயை அடக்கி, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். அது முன்னே வந்தால் மெதுவாகப் பின்னே எடுக்க வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நுழைந்துவிடக் கூடாது. காதுகளை அகல விரித்து அசைக்காமல் நின்றாலோ, தலையையும் வாலையும் உயர்த்தினாலோ அது நம்மை எச்சரிக்கிறது என்று பொருள். இதற்கெல்லாம் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தைத் தர மனமில்லாமல்தான் பின்னாலிருந்து ஒலிப்பானை அடிக்கிறார்கள்.

சூரத்துந் நம்லில் வரும் ஸுலைமான் நபியின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறோம். ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் கொண்ட படை எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்குகிறது. ஓர் எறும்பு தன் இனத்தாரைப் புற்றுக்குள் போகும்படி எச்சரிக்கிறது. இல்லையேல் அந்தப் படை உணராமலேயே மிதித்துவிடக்கூடும் என்பது அதன் கவலை. கதையில் நாம் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் அந்த "உணராமல்" என்பதுதான். அந்த எறும்பு, தன்னை மிதிக்கக்கூடியவர்கள் மீது நல்லெண்ணம் வைத்து, அவர்களுக்கு ஒரு சாக்கையும் தந்துவிட்டுப் பேசியது. ஸுலைமான் நபியோ அந்தச் சிற்றுயிரின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்து, தமக்கு அளிக்கப்பட்ட அருளுக்கு நன்றி செலுத்தும்படி தம்மை ஆக்கியருள இறைஞ்சினார். நம்மிடம் அந்தச் சாக்கும் இல்லை. வளைவுக்கு வளைவு பலகை இருக்கிறது. சாவடியில் துண்டறிக்கை தருகிறார்கள். வேகத்தடை போட்டிருக்கிறார்கள்; அதையும் ஓரமாய் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கித் தாண்டுகிறோம். உணராமல் மிதித்தோம் என்று நாளை மறுமையில் எந்த முகத்தோடு சொல்வோம்?

அரசுக்குப் பொறுப்பில்லையா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு, இருக்கிறது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வழியே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் சாலையைத் தூக்கிக் கட்டி, விலங்குகள் கீழே போக வழி விட்டார்கள். நீதிமன்றம் வரை போய்ப் போராடிக் கிடைத்தது அது. கேமரா வைத்துப் பார்த்தபோது புலி உட்பட 18 வகை விலங்குகள் அந்தக் கீழ்வழிகளைப் பயன்படுத்தியது தெரிந்தது. வழி கொடுத்தால் அவை அந்த வழியில் போகின்றன. சமவெளியில் முடிந்ததை நம் காடுகளில் பொருத்தமான இடங்களில் செய்யும்படி கேட்க வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மற்ற கோரிக்கைகளோடு இதையும் வைக்க வேண்டும். ஆயினும் திம்பம் போன்ற மலைப்பாதையில் எல்லா இடத்திலும் பாலம் கட்ட முடியாது. அங்கே ஒரே பாலம் நம் வலது காலில்தான் இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பெருநாள் தொழுகைக்குப் பின் நன்கொடை அறிவிப்பும் காணாமற்போன செருப்பு அறிவிப்பும் செய்யும் ஒலிபெருக்கியில் இதற்கு இரண்டு நிமிடம் தாருங்கள். நம் மஹல்லாவில் வேன் வைத்திருப்பவர்கள் பலர். அவர்களை ஒரு நாள் அழைத்துப் பேசுங்கள். வேகத்துக்கு ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அன்றைய வாடகையை அன்றே முடித்துக்கொள்ளத் துடிப்பவர்கள் பின்னிருக்கையில் இருக்கும் நாம். ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் செலவை முன்பே பேசிக்கொண்டு கிளம்பினால் அந்த ஓட்டுநர் பறக்க மாட்டார். "காட்டுக்குள்ள 40-க்கு மேல போக வேண்டாம் தம்பி" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் போதும். அதை மீறும் ஓட்டுநரை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

எங்கள் வீட்டில் இந்த ஆண்டும் மைசூர் பயணம் இருந்தது. அரண்மனை விளக்கைப் பார்த்துவிட்டு அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் பொழுது விடிந்து கடைத்தெருவை முடித்துக்கொண்டு, ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு வண்டி ஏறினோம். மூன்றரை மணிக்கெல்லாம் பந்திப்பூர் வாயில். வெயிலில் காடு பழுப்பாய்க் கிடந்தது. நாங்கள் கடந்த அந்த இடம் எதுவென்று யாருக்கும் சரியாக அடையாளம் தெரியவில்லை. எல்லா வளைவும் ஒன்றுபோலவே இருந்தன. இப்போது பத்து வயதான அந்தப் பெண்பிள்ளை மட்டும் சன்னலோரம் அமர்ந்து, முள்ளை எட்டிப் பார்த்துப் பார்த்து, "முப்பத்தெட்டு... நாப்பது... மாமு, நாப்பத்தி ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.